பத்தாம் வகுப்புப் பெரட்டு

அந்த வாங்குல வேணாம் சேர், ஒரு கால் ஆடும். இந்தக் கதிரையில உக்காருங்க. நல்லா மூச்சு வாங்குது உங்களுக்கு. இந்தப் படிக்கட்டு புதுசா வர்ற எல்லாரையும் ஒரு தடவ சோதிச்சுட்டுத்தான் உள்ள விடும். நான் தனுஜா. வணிகப் பாட டீச்சர். பத்தாம் வகுப்பு என் வகுப்புதான். நீங்க யாருன்னு சொல்ல வேணாம், சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. சேர் வந்திருக்காருன்னு நீங்க கீழ பஸ்ஸ விட்டு எறங்கின ஒடனேயே இங்க தெரிஞ்சுபோச்சு. எங்க தோட்டத்துல போனுக்கு சிக்னல் இருக்கோ இல்லையோ, புது ஆளு வந்தா சேதி வந்துரும்.

பெட்டிசமா? குடுங்க பாப்போம். ம். மொட்டைப் பெட்டிசம். பேரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. வெள்ளிக்கிழமதோறும் வகுப்பறைக்குள்ள மாணவர்கள் ரொட்டியும் கடலையும் செஞ்சு விக்கிறாங்க, கை கழுவக்கூட தண்ணி வசதி இல்ல, ஒடனே பரிசோதிச்சு நடவடிக்கை எடுக்கணும். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. பொய் ஒண்ணும் இல்ல சேர். விக்கிறோம். முதலாந் தவணையில இருந்து விக்கிறோம். எங்க பள்ளிக்கூட அதிபருக்கும் தெரியும். அவரு இன்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிட்டாரு, அதனால என் தலையில விடிஞ்சிருக்கு.

மூடணும்னா மூடுவீங்க, அது உங்க வேலை. நான் தடுக்க முடியுமா. ஆனா புள்ளைங்க வர்ற வரைக்கும் இருங்க. கீழ பீலிக்குப் போயிருக்காங்க, தண்ணி எடுக்க. பீலி தெரியுமா? நீங்க அக்குறணைப் பக்கமா, அப்ப தெரியாதுதான். மலையில வர்ற ஊத்துத் தண்ணிய தகரத்துல வாங்கி விட்டிருப்போம், கொட்டிக்கிட்டே இருக்கும். குளிக்க, துணி தொவைக்க, சண்ட போட, எல்லாத்துக்கும் அதுதான். போயிட்டு வர முக்கா மணித்தியாலம். அது வரைக்கும் நான் பேசுறேன், நீங்க கேளுங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு அதிபரே சொல்லுவாரு.

ஏன் ஆரம்பிச்சோம்னா, இந்தப் பாடப் புத்தகம் இருக்குல்ல சேர். முயற்சியாளர் என்பவர் யார்னு கேட்டா இருபத்திமூணு புள்ளைங்களும் கண்ண மூடிக்கிட்டு ஒப்பிக்கும். சரி, கண்ணத் தொறந்து உங்களுக்குத் தெரிஞ்ச, சொந்தமாத் தொழில் நடத்துற ஒரு முயற்சியாளரச் சொல்லுங்கன்னா எல்லாரும் ஜன்னல் வழியா தேயிலையப் பாப்பாங்க. இங்க யாரு இருக்கா? எல்லாரும் கொழுந்தெடுக்கிறவங்க, மருந்தடிக்கிறவங்க, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவங்க. எவனோ ஒருத்தன் தொழில் நடத்துவான், நம்ம போய் வேலை செய்வோம். அம்புட்டுத்தான் புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச வணிகம். எனக்கும் அம்புட்டுத்தான் தெரியும், நானும் இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவதான். படிச்சது மட்டும் வேற.

சரின்னு ஒரு நாள் சொன்னேன். வெள்ளிக்கிழம இடைவேளைக்கு நம்ம வகுப்புல சாப்பாட்டுக் கடை. என்ன விக்கிறது, யாரு என்ன செய்யிறது எல்லாம் நீங்களே பேசி முடிவு பண்ணுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். நான் வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னதுக்கே ரெண்டு பேரு சிரிச்சாங்க.

வெள்ளிக்கிழம காலையில வந்து பாக்குறேன் சேர். ஏழு மணி இருக்கும். பனி இன்னும் வெலகல. வகுப்புக்கு வெளிய புள்ளைங்க வரிசையா நிக்குது. முன்னால வினோஜன், ஒரு கொப்பிய நெஞ்சுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேராக் கூப்பிடுறான். இவங்க கையத் தூக்குறாங்க. நான் நின்னுட்டேன். என்னடா இதுன்னு கேட்டா, பெரட்டு டீச்சர்ங்கிறான். எங்க தோட்டத்துல காலையில ஆளுங்கள நிக்க வச்சு வேலை பிரிச்சுக் குடுப்பாங்கல்ல, அந்தப் பெரட்டு. அவங்கப்பா கங்காணி. மகனும் கங்காணி ஆயிட்டான்.

சிரிக்கிறீங்களா, இன்னும் இருக்கு கேளுங்க. வகுப்புல ஒம்பது பையனுங்க, பதினாலு பொம்பளப் புள்ளைங்க. ஒம்பது பையனுங்களும் மேற்பார்வை. ஒருத்தன் கங்காணி, ஒருத்தன் கணக்கப்புள்ள, ஒருத்தன் காவல், ஒருத்தன் ரொட்டி நிறுக்கிறவன். ரொட்டிய எதுக்குடா நிறுக்கிறன்னா, தெரியாதாம், ஆனா நிறுக்கணுமாம். பதினாலு பொம்பளப் புள்ளைங்களும் தரையில உக்காந்து மாவு தட்டுது. நடுவுல என்னோட கதிரையப் போட்டு, மேல ஒரு வெள்ளத் துணி விரிச்சு வச்சிருக்காங்க. இது யாருக்குன்னேன். தொரைக்கு. தொரை யாருன்னேன். நீங்கதான் டீச்சர்.

இருபத்திமூணு பேரும் மொதலாளிங்க, போய்த் தொழில் நடத்துங்கன்னு விட்டா, இவங்க ஒரு தோட்டத்தக் கட்டி வச்சிருக்காங்க சேர். என்னைத் தொரையாக்கி. விழுந்து விழுந்து சிரிச்சேன். வகுத்துல கை வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

அப்புறம் அந்தக் கொப்பிய வாங்கிப் பாத்தேன். ஒரு ஆளுக்கு முப்பது ரொட்டின்னு வச்சிருக்கான். முப்பது தட்டினா ஒரு பேரு. தட்டலைன்னா அரைப்பேரு. எங்க அம்மாமாருக்குச் சொன்ன கிலோ கொழுந்து எடுக்கலைன்னா அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம்தான் விழும், அதுக்குப் பேருதான் அரைப்பேரு. சுலக்ஷனான்னு ஒரு புள்ள. இருபத்தேழு தட்டியிருக்கா. அவ பேருக்கு நேரா அரைன்னு போட்டிருக்கான் வினோஜன். நீ ஒண்ணும் சொல்லலியாடின்னு கேட்டேன். மூணு கொறைஞ்சிருச்சு டீச்சர்ன்னா. அவளுக்கு அது ஞாயமாத்தான் தெரிஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல. எங்கம்மா ராக்காயி இதே தோட்டத்து மேமலையில இருபத்தெட்டு வருசம் கொழுந்தெடுத்தவங்க. அரைப்பேரு விழுந்த அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, அடுப்பப் பத்த வச்சுட்டு தன்னோட கையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. என்னமோ கை தப்புப் பண்ணின மாதிரி. அதே பார்வை இந்தப் புள்ளகிட்ட. அழுகை வந்திருச்சு சேர், வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, அதுல தப்பிச்சேன்.

திட்டல. திட்டினா தொரை திட்டினதா ஆயிரும். அடுத்த வெள்ளிக்கிழம கரும்பலகையில பெருசா எழுதி வச்சேன், தொரை வேலைய விட்டுப் போயிட்டாரு, இனிமே வர மாட்டாருன்னு. கதிரையத் தூக்கிக்கிட்டு நான் ஆசிரியர் அறைக்குப் போயிட்டேன்.

என்ன ஆச்சுன்னு நெனைக்கிறீங்க? உப்பு இல்ல. மாவு இருக்கு, தேங்காய் இருக்கு, உப்பு மறந்துட்டாங்க. ஹசன் நானா கடை அந்தா, பாலத்துக்கு அந்தப் பக்கம், அஞ்சு நிமிசம். திலக்ஷன்னு ஒரு பையன் என்கிட்ட ஓடி வர்றான், டீச்சர் உப்பு இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய, தொரைதான் போயிட்டாரேன்னேன். திரும்பிப் போனான். பத்து நிமிசம் கழிச்சு இன்னொருத்தி வர்றா, டீச்சர் உப்பு இல்ல. எட்டு மணியில இருந்து பத்தரை வரைக்கும் உப்பு இல்ல உப்பு இல்லன்னு இருபத்திமூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்களே தவிர, ஒரு ஆளு கடைக்குப் போகல. போன்னு சொல்ல ஆளு இல்ல. அன்னைக்கு உப்பில்லாத ரொட்டிதான் வித்தோம். அதிபர் மட்டும் முழுசாச் சாப்பிட்டாரு. பிரஷருக்கு நல்லதுன்னாரு. தங்கமான மனுசன்.

மூணாவது வாரம் ஸ்ட்ரைக். ஆமா சேர், நெசமாத்தான். பதினாலு பொம்பளப் புள்ளைங்களும் வராந்தாவுல உக்காந்துருச்சு. சுலக்ஷனாதான் தலைவி. அரைன்னு போட்டப்ப வாய் தொறக்காத அதே புள்ள. வீட்டுல போய் யோசிச்சிருக்கா. முப்பதுன்னு முடிவு பண்ணினது யாரு, அந்த முடிவுல நாங்க ஏன் இல்லன்னு கேக்குறா. கங்காணியும் வந்து மாவு தட்டட்டும், அவன் எத்தன தட்டுறான்னு நாங்க கொப்பியில போடுறோம்ங்கிறா. நான் ஜன்னல்ல ஒளிஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்குச் சீட்டியடிக்கணும் போல இருந்துச்சு.

வினோஜன் அசையல. அவனுக்கு மானப் பிரச்சினை. திலக்ஷன்தான் மொதல்ல உடைஞ்சான், கொள்கையால இல்ல, பசியால. காலையில சாப்பிடாம வந்திருக்கான். சட்டக் கைய மடிச்சுவிட்டு மாவுல கைய வச்சான் பாருங்க, அன்னைக்குத்தான் தெரிஞ்சது இந்த வகுப்புல நல்லா ரொட்டி தட்டத் தெரிஞ்ச ஆளு அவன்தான்னு. இப்ப அவங்க அம்மா வீட்டுலயும் அவனத்தான் தட்டச் சொல்றாங்களாம். டீச்சர் என் புள்ளைக்கு என்ன படிப்பிச்சீங்கன்னு சந்தோசமாக் கேட்டாங்க.

அதுல இருந்து எல்லாருக்கும் எல்லா வேலையும். வாரத்துக்கு வாரம் மாறும். அரைப்பேரு கிடையாது. உப்பு முடிஞ்சா யாரு பாக்குறாங்களோ அவங்க போவாங்க. ஒரு தடவ மூணு பேரு பாத்துட்டு மூணு பேரும் போய் மூணு பாக்கெட்டு உப்பு வந்துச்சு, அதையும் நான் ஒண்ணும் சொல்லல. ரொட்டிக்குத் தொட்டுக்கக் குடுக்குற கட்டச் சம்பல் நல்லாருக்குன்னு பங்களாவுல இருந்தே ஆளு அனுப்பி வாங்குறாங்க. தொரை திங்கிறாரு சேர், புள்ளைங்க தட்டின ரொட்டிய. அத வினோஜன் மூணு நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

எங்க எந்திரிக்கிறீங்க? அந்தப் பைப்பா? தொறந்து பாருங்க. காத்துதான் வரும். ம், அந்தச் சத்தம்தான். முந்தின வருசத்துக்கு முந்தின வருசம் மழைக்கு மண் சரிஞ்சு மேல கொழாய் ஒடைஞ்சது. தண்ணித் தொட்டி தோட்டத்து எல்லையில இருக்கு. பைப்பு பள்ளிக்கூட எல்லையில இருக்கு. ஒடைஞ்ச எடம் ரெண்டுக்கும் நடுவுல. அதிபர் அஞ்சு கடிதாசி எழுதினாரு. தோட்டத்துல கேட்டா கல்விக் கந்தோர்ல கேளுங்க, அங்க கேட்டா தோட்டத்துல கேளுங்க. ஒரே ஒரு பதில் வந்துச்சு, பரிசீலனையில் உள்ளதுன்னு. அத அதிபர் பத்திரமா ஃபைல்ல போட்டு வச்சிருக்காரு, அது ஒண்ணுதான கெடச்சது.

இல்ல சேர், கை கழுவுறாங்க. நான் சத்தியம் பண்ணுவேன். பீலியில இருந்து கேன்ல கொண்டு வந்து, கொதிக்க வச்சு, சவுக்காரம் போட்டுத்தான். தலையில துண்டு கட்டாம ஒரு ஆள நான் கிட்ட விடுறதில்ல. ஆனா கேன் தண்ணி எம்புட்டு நேரத்துக்கு. சமையலுக்கே சரியாப் போயிரும். பாத்திரம் கழுவ, அப்புறம் மத்ததுக்கெல்லாம் எங்க போறது.

மத்ததுன்னா, சொல்றேன் சேர். உங்களுக்கும் வீட்டுல பொம்பளப் புள்ளைங்க இருக்கும்தான. இருக்காங்களா, ரெண்டு பேரா, சந்தோசம். அப்ப நான் வெக்கப்படாமச் சொல்றேன். வினோஜன் அந்தக் கொப்பிய விடல. பெரட்டுப் போனாலும் கொப்பி இருக்கணும்னான். யாரு வந்தா, யாரு வரல, எது முடிஞ்சுபோச்சு, எல்லாம் எழுதுவான். ஒரு நாள் கூட்டம் போட்டு உக்காந்தப்ப எந்திரிச்சுக் கேக்குறான், நம்ம வேலை ஏன் தடைப்படுதுன்னு நான் பாத்தேன், பொம்பளப் புள்ளைங்க மாசத்துல மூணு நாலு நாளு வர்றதே இல்ல, ஒவ்வொருத்தியும், ஏன்னு காரணம் சொல்லுங்கன்னு. பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியல. கங்காணி வீட்டு வழக்கத்துல கேட்டுட்டான்.

பொம்பளப் புள்ளைங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிச்சு. நான் பேச்ச மாத்தலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள சுலக்ஷனா எந்திரிச்சுட்டா. கக்கூஸ்ல தண்ணி இல்ல, அந்த நாள்ல நாங்க எப்படி வர்றதுன்னு கேட்டா. சத்தமா இல்ல, சாதாரணமா, உப்பு இல்லன்னு சொல்ற மாதிரி. எனக்குப் பயம் சேர், எவனாவது சிரிச்சிருவானோன்னு. ஒருத்தனும் சிரிக்கல. வினோஜன் கொப்பிய மூடிட்டு உக்காந்துட்டான்.

எனக்குத்தான் முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. நானும் பொம்பளதான். ரெண்டு வருசமா இந்தப் புள்ளைங்க வராத நாளு எனக்குத் தெரியும், எதுக்கு வரலைன்னும் தெரியும். வரவுப் புத்தகத்துல சுகமில்லைன்னு எழுதிட்டு அடுத்த பேருக்குப் போயிருவேன். ரெண்டு வருசம். தொழில் நடத்தச் சொல்லிக் குடுக்க வந்த டீச்சர் நான்.

பாத்தீங்களா, சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தவ இப்படி ஆயிட்டேன். தேத்தண்ணி குடிங்க. அந்த ரொட்டியும் நேத்து மாவு இல்ல, காலையில திலக்ஷன் தட்டினது. சம்பலத் தொட்டுக்கோங்க, கொஞ்சமாத் தொடுங்க, ஒறைக்கும். எப்படி? சொன்னேன்ல.

என்ன சேர், ஃபைல உள்ள வைக்கிறீங்க? ஒண்ணும் எழுதலையா? வாயால எச்சரிச்சுட்டுப் போறீங்களா? ஐயோ, நீங்க ரொம்ப நல்லவரு, புரியுது, புள்ளைங்க பாவம்னு பாக்குறீங்க. ஆனா அப்படிப் போயிராதீங்க சேர். உக்காருங்க. தயவு செஞ்சு உக்காருங்க.

யாரு? கந்தப்பன் அண்ணனா? கீழ தேத்தண்ணிக் கடைக்காரரா பொறாமையில பெட்டிசம் போட்டிருப்பாரு? சும்மா இருங்க சேர், அந்த மனுசன் வெள்ளிக்கிழமையானா கடையப் பூட்டிட்டு இங்க வந்துதான் ரொட்டி திங்கிறாரு. வழியில அவர நிப்பாட்டி ஒண்ணும் கேட்டுறாதீங்க. எழுதப் படிக்கக்கூடத் தெரியாது அவருக்கு.

இல்ல, நான் சொல்லிர்றேன். திலக்ஷனோட மாமா நுவரெலியாவுல பேக்கரி வச்சிருக்காரு. போன வருசம் யாரோ ஒரு மொட்டைப் பெட்டிசம் போட்டு, மூணாம் நாளே சுகாதாரக் கந்தோர்ல இருந்து வந்து நிக்கிறாங்களாம். நோட்டீஸ் குடுத்து, பதினாலு நாளைக்குள்ள தண்ணி வசதி செய்யணும், செஞ்சேன்னு எழுத்துல பதில் குடுக்கணும்னு. செஞ்சிருக்காரு மாமா. இத அவன் கூட்டத்துல சொன்னான். பொம்பளப் புள்ளைங்களுக்குத் தண்ணி இல்லன்னு அஞ்சு கடிதாசி போட்டும் ஒருத்தரும் வரல, ரொட்டி விக்கிறாங்கன்னு ஒரு கடிதாசி போட்டா வருவாங்கன்னு சுலக்ஷனா சொன்னா. கடைய மூடிட்டா என்ன செய்வீங்கன்னு நான் கேட்டேன். வினோஜன் எந்திரிச்சு, மூடட்டும் டீச்சர், கடைய நாங்க மறுபடி தொறந்துக்குவோம்னான்.

ஓட்டெடுப்பு வச்சோம். இருபத்திமூணுக்கு இருபத்திமூணு.

அதனால நீங்க எழுதுங்க சேர். மூடணும்னு வேணும்னாலும் எழுதுங்க, யாரும் கோவிக்க மாட்டாங்க. காரணம்னு ஒரு எடம் இருக்கும்ல, அதுல மட்டும் பாடசாலையில தண்ணி இல்லன்னு எழுதி, கக்கூஸயும் சேத்துப் போட்டு, ரெண்டு பக்கத்துக்கும் நோட்டீஸ் அனுப்புங்க. அந்தா வர்றாங்க பாருங்க கேனத் தூக்கிக்கிட்டு. உங்கள எதிர்பாத்து பதினோரு நாளாக் காத்துக்கிட்டு இருக்காங்க. எழுத்து அடையாளம் தெரியக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு வரியா எழுதினாங்க. எழுத்துப் பிழை மட்டும் நான் திருத்தினேன்.